உதைத்தவன் முகம் தெரிகிறது, உதைபட்டவன் பெயர் தெரியுமா?

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் பக்கம் ஒரு தாமானில், இளைஞர்களுக்குச் சட்ட விளக்கம் கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். வெறும் சட்டம் பேசினால் பத்து நிமிடத்தில் பாதிப் பேர் தே தாரிக் குடிக்க நழுவிவிடுவார்கள் என்பது என் அனுபவம். ஆகவே முதலில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசலாம் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொன்னேன். படம், 1998-இல் வெளிவந்த 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்'. இனவெறியை எதிர்க்கும் படம் என்று உலகமே பாராட்டிய படம். கதாநாயகன் எட்வர்ட் நார்ட்டனுக்கு ஆஸ்கார் பரிந்துரை வாங்கிக் கொடுத்த படம்.

படம் பாதியைத் தாண்டவில்லை. அந்தக் கொலைக் காட்சி வந்தது. மண்டபத்தில் ஒரு நொடி மூச்சுச் சத்தம்கூட இல்லை. அடுத்த நொடி பின்வரிசையிலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான். "அண்ணே, அந்த சீன இன்னொரு தடவ போடுங்கண்ணே! பவருண்ணே!"

சிலர் சிரித்தார்கள். சிலர் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். கெட்டவன் என்று அவனைச் சொல்ல மாட்டேன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை முடித்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். தோல் நிறத்தைப் பார்த்து ரோட் பிளாக்கில் எத்தனை முறை தன்னை மட்டும் ஓரங்கட்டினார்கள் என்று சற்று முன்புதான் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். அப்படிப்பட்டவனுக்கு அந்தக் காட்சியில் எந்த இடம் கிடைக்கும்? உதைத்தவன் இடம் நிச்சயமாகக் கிடைக்காது. ஆனால் அவன் மனம் போய் நின்றது உதைத்தவன் பக்கம். அது ஏன் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வெனிஸ் கடற்கரைப் பகுதி. டெரெக் என்ற வெள்ளை இளைஞன். மொட்டைத் தலை, இடது மார்பில் பெரிய ஸ்வஸ்திகா பச்சை. நாஜிக் கும்பலொன்றுக்கு அவன்தான் தளபதி மாதிரி. ஓர் இரவில் மூன்று கறுப்பு இளைஞர்கள் அவன் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைத் திருட வருகிறார்கள். தம்பி டேனி வந்து எழுப்ப, டெரெக் துப்பாக்கியோடு இறங்குகிறான். வாசலில் காவல் நின்றவனைச் சுட்டுக் கொல்கிறான். இன்னொருவன் குண்டடி பட்டு விழுகிறான். மூன்றாமவன் வண்டியோடு தப்புகிறான்.

இதோடு நின்றிருந்தால் அது ஒரு துப்பாக்கிச் சூட்டுக் காட்சி. ஆயிரம் படங்களில் பார்த்தது. ஆனால் டெரெக் கீழே கிடப்பவனைத் தெருவுக்குக் கொண்டுபோய், சாலையோரச் சிமெண்டு விளிம்பில் வாயை வைக்கச் சொல்கிறான். பற்கள் சிமெண்டில் உரசும் சத்தம் கேட்கிறது. பிறகு பின்மண்டையில் பூட்ஸ் காலால் ஓர் உதை. தம்பி பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

ரத்தத்தை அதிகம் காட்டாமலேயே இவ்வளவு கொடூரமான காட்சியை எடுத்திருக்கிறார்கள் என்றால், அது சினிமாத் திறமைதான். நான் பேச வந்தது அதற்கு அடுத்த நிமிடத்தைப் பற்றி. போலீஸ் வருகிறது. டெரெக் துப்பாக்கியைப் போட்டுவிட்டு இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்து மண்டியிடுகிறான். கறுப்பு வெள்ளைப் படம், மெதுவாக நகரும் காட்சி, பின்னணியில் தேவாலயப் பாட்டு போல இசை. மேல்சட்டை இல்லாத உடம்பு சிலை மாதிரி பளபளக்கிறது. விலங்கு மாட்டும்போது தம்பியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திச் சிரிக்கிறான். கேமரா கண்ணெடுக்காமல் அவனையே பார்க்கிறது. தெருவில் கிடக்கும் பிணத்தை யாரும் பார்க்கவில்லை.

செத்தவன் யார்? அவன் வீடு எங்கே? தாயார் இருக்கிறாளா? யார் போய்ச் சேதி சொன்னார்கள்? படத்தில் எதுவும் இல்லை. பெயர் வேண்டுமென்றால் கடைசியில் ஓடும் நடிகர் பட்டியலில்தான் தேட வேண்டும். கொன்றவனின் தாயார் அழுவதைப் பார்க்கிறோம், தங்கை தவிப்பதைப் பார்க்கிறோம், தம்பி கெட்டுப்போவதைப் பார்க்கிறோம். அவன் சிறையில் படும் பாட்டையும், மனம் மாறுவதையும், முடியை வளர்த்துக்கொண்டு நல்லவனாக வெளியே வருவதையும் பார்க்கிறோம். இரண்டு மணி நேரமும் அவன் கதைதான். பின்வரிசைப் பையன் உதைத்தவன் பக்கம் போய் நின்றதில் அதிசயம் என்ன? நிற்பதற்கு வேறு இடமே அவனுக்குக் கொடுக்கப்படவில்லையே!

"அவன் திருட வந்தவன்தானே லாயர்?" என்று அன்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குச் சட்டம் தெளிவாகவே பதில் வைத்திருக்கிறது. நமது குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 99-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். தற்காப்பு உரிமை உண்டு, ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் கொடுக்காது. வாசலில் நின்றவனைச் சுட்டதற்கு ஒரு வழக்கறிஞர் தற்காப்பு என்று வாதாடலாம். நானே வாதாடுவேன். ஆனால் குண்டடி பட்டு எழ முடியாமல் கிடப்பவனை, இன்ன இடத்தில் வாயை வை என்று சொல்லி, அவன் வைக்கும்வரை காத்திருந்து உதைப்பது தற்காப்பு ஆகாது. ஆத்திரத்தில் அறிவிழந்து செய்தது என்றும் சொல்ல முடியாது. ஆத்திரக்காரன் கட்டளையிட்டுக்கொண்டு நிற்க மாட்டான். அந்தச் சில நொடிகளில்தான் வண்டித் திருட்டு இனக்கொலையாக மாறுகிறது.

ஆனால் படத்தில் நீதிமன்றம் கொடுத்த தண்டனை என்ன? கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவில் மூன்று ஆண்டுகள். கலிபோர்னியா சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு மூன்று, ஆறு, பதினொன்று என்று மூன்று படிகள் உண்டு. டெரெக்குக்குக் கிடைத்தது ஆகக் கீழ்ப்படி. தான் சாட்சி சொல்லியிருந்தால் அண்ணனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்திருக்கும் என்று தம்பி டேனியே எழுதுகிறான். அதே சிறையில் துணி மடிக்கும் இடத்தில் டெரெக்கோடு வேலை செய்யும் கறுப்பர் லமோன்ட் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் திருடியவர். பிடிபட்டபோது பெட்டி கை நழுவிப் போலீஸ்காரர் காலில் விழுந்தது. தூக்கி எறிந்து தாக்கினார் என்று வழக்குப் போட்டார்கள். அவருக்கு ஆறு ஆண்டுகள்! இரண்டு உயிருக்கு மூன்று, ஒரு டிவி பெட்டிக்கு ஆறு. என்னைக் கேட்டால் படத்தின் ஆகக் கொடூரமான காட்சி இதுதான். அன்று மண்டபத்தில் அதற்கு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

சினிமாவில் மிகைப்படுத்துவார்கள் என்று நினைப்பவர்களுக்கு டெட்ராய்ட் வழக்கைச் சொல்ல வேண்டும். 1982 ஜூன் மாதம். வின்சென்ட் சின், 27 வயது, சீன வம்சாவளி அமெரிக்கர். சில நாளில் கல்யாணம். நண்பர்களோடு வெளியே போன இடத்தில் கார்த் தொழிலைச் சேர்ந்த இரண்டு வெள்ளையர்களோடு தகராறு. ஜப்பான் கார்கள் வந்து அமெரிக்கத் தொழிலாளர்களின் வேலை போய்க்கொண்டிருந்த காலம். சீனர் என்ன, ஜப்பானியர் என்ன, அவர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒன்று. தெருவில் துரத்திப் பிடித்து, பேஸ்பால் மட்டையால் மண்டையில் அடித்தார்கள். நான்கு நாள் கழித்து இறந்தார்.

குற்றச்சாட்டு கொலையிலிருந்து கொலைக் குற்றமாகாத மரணம் என்று குறைந்தது. 1983-இல் தண்டனை: மூன்று ஆண்டு நன்னடத்தைக் காவல், மூவாயிரம் டாலர் அபராதம். ஒரு நாள்கூடச் சிறை இல்லை. இவர்கள் சிறைக்கு அனுப்ப வேண்டிய ரக மனிதர்கள் அல்லர் என்பது நீதிபதியின் கருத்து. தண்டனை விதித்த அன்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்திலேயே இல்லை. பெற்ற தாய் லில்லி சின்னுக்குத் தேதியே சொல்லப்படவில்லை. பிறகு ஆசிய வம்சாவளியினர் ஒன்றுதிரண்டு போராடியதால் மத்திய அரசு குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் புதிய வழக்குப் போட்டது. 1984-இல் அடித்தவருக்கு 25 ஆண்டுகள் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மறுவிசாரணையில் 1987-இல் விடுதலையும் ஆகிவிட்டார். அதே ஆண்டு லில்லி சின் அமெரிக்காவே வேண்டாம் என்று சீனாவுக்குத் திரும்பிப் போனார்.

இந்த வழக்கைப் படித்த பிறகு என் அலுவலகத்தில் ஒரு வழக்கத்தை மாற்றினேன். மரண விசாரணையோ தண்டனை விசாரணையோ, தேதி தெரிந்தவுடன் முதல் போன் இறந்தவரின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். பத்திரிகைக்காரர்கள் அதற்குப் பிறகு.

'திருடன்தானே' என்ற பேச்சுக்கு மீண்டும் வருகிறேன். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்த குகனும் வாகனத் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர்தான். சந்தேகம் மட்டுமே. ஆனால் செய்தி வந்தவுடன் நம்மவர்களே சிலர் உச்சுக்கொட்டிவிட்டு அதைத்தான் முதலில் சொன்னார்கள். குடும்பத்தினர் பிணவறைக்குள் போய்க் காயங்களைப் படம் பிடித்து வெளியிட்ட பிறகுதான் பேச்சு மாறியது. நுரையீரலில் நீர் கோத்தது என்று முதல் பிரேத பரிசோதனை சொல்லியிருந்தது. குடும்பம் பிடிவாதமாக நின்று கேட்ட இரண்டாவது பரிசோதனையில்தான் அடிபட்ட விவரம் வெளிவந்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

கொடூரத்தைக் காட்டவே கூடாது என்று வாதாடுபவர்களோடு நான் சேரமாட்டேன் என்பதற்கும் இதுவே காரணம். அமெரிக்காவில் இதற்கு முன்னோடி உண்டு. 1955-இல் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்புச் சிறுவனை அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். உருத்தெரியாமல் போயிருந்த உடலைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்த தாயார் மேமி டில், சவப்பெட்டியை மூட மறுத்துவிட்டார். என் பிள்ளைக்குச் செய்ததை எல்லாரும் பார்க்கட்டும் என்று திறந்தே வைத்தார். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். 'ஜெட்' என்ற கறுப்பர் பத்திரிகை அந்தப் படத்தை வெளியிட்டது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளிகளை விடுதலை செய்தாலும், அந்தப் படம் ஒரு தலைமுறையையே வீதிக்குக் கொண்டுவந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை போடு, பவர் என்று எவனாவது சொல்ல முடியுமா? முடியாது. ஏனென்றால் அதைக் காட்டியவள் பெற்ற தாய். அதில் தெரிந்தது செத்தவனின் முகம்.

டெரெக்கின் உதை வேறு மாதிரிப் பரவியது. ஜெர்மனியில் பிராண்டன்பர்க் மாநிலத்தில் போட்ஸ்லோ என்ற சின்னக் கிராமம். 2002 ஜூலை 12. மரினுஸ் ஷோபெர்ல் என்ற 16 வயதுப் பையன், கொஞ்சம் திக்குவாய், தொளதொளப்புக் கால்சட்டை, சாயம் போட்ட முடி. அவனை மூன்று வலதுசாரி இளைஞர்கள் மணிக்கணக்கில் அடித்தார்கள், நான் யூதன் என்று சொல்லச் சொல்லி மிரட்டினார்கள். அவன் யூதனே இல்லை! ஆரம்பத்தில் நடந்ததைப் பெரியவர்கள் சிலர் பார்த்தும் தடுக்கவில்லை. பிறகு ஒரு கைவிடப்பட்ட பன்றிப் பண்ணைக்குக் கொண்டுபோய், தீனித் தொட்டியின் கல் விளிம்பைக் கடிக்க வைத்தார்கள். அவர்களில் 17 வயதான ஒருவன் தலைமேல் குதித்தான். எங்கே கற்றுக்கொண்டான்? இந்தப் படத்தில்தான். உடல் நவம்பர் மாதம்தான் கிடைத்தது. அதுவும் கொன்றவனே மற்ற பையன்களிடம் பெருமையடித்துக் கொண்டதால்.

படம் எடுத்தவர்கள்மீது அந்தக் கொலையைச் சுமத்த முடியுமா என்று கேட்டால், சட்டப்படி முடியாது, நியாயப்படியும் முடியாது என்பேன். அந்தப் பையன்கள் தலையில் நஞ்சு ஏறியது படத்தினால் அல்ல. ஆனால் படத்தில் அவர்களுக்கு வேண்டியதை மட்டும் கிள்ளி எடுக்க முடிந்தது. டெரெக் மனம் மாறியதை எடுக்கவில்லை. கடைசியில் தம்பி டேனி பள்ளிக்கூடக் கழிவறையில் சுடப்பட்டுச் சாவதை எடுக்கவில்லை. உதையை எடுத்தார்கள். காரணம், அந்த உதையைப் படம் அவ்வளவு அழகாகக் கொடுத்திருந்தது. (இயக்குநர் டோனி கேய்க்கே இந்தப் படம் பிடிக்கவில்லை. வெட்டி ஒட்டிக் கெடுத்துவிட்டார்கள், என் பெயரை எடுத்துவிட்டு 'ஹம்ப்டி டம்ப்டி' என்று போடுங்கள் என்று சண்டை போட்டு, இருபது கோடி டாலர் கேட்டு வழக்கும் போட்டார். அவர் புகார் வேறு, என் புகார் வேறு. தான் போட்ட நிபந்தனைக்காக இவ்வளவு பெரிய தொகை கேட்கும் கட்சிக்காரர் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.)

படத்தில் எனக்குப் பிடித்தது வேறோர் இடம். கொலையோ ரத்தமோ இல்லாத இடம். டெரெக்கின் அப்பா தீயணைப்பு வீரர், நல்ல மனிதர், காலைச் சாப்பாட்டு மேசையில் மகனோடு பேசுகிறார். பள்ளியில் கறுப்பு ஆசிரியர் ஸ்வீனி சொல்லிக்கொடுக்கும் புத்தகத்தைக் கேலி செய்கிறார், தகுதியில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள் என்று குறைப்படுகிறார். குரலை உயர்த்தவே இல்லை. ஆசிரியரை மதித்துக்கொண்டிருந்த மகன் மெல்லத் தலையாட்டுகிறான். ஸ்வஸ்திகா பச்சை பின்னால் வருகிறது. விதை அந்த மேசையில் விழுந்துவிட்டது. நம் வீட்டு மேசைகளில் மற்ற இனத்தைப் பற்றி, ஏன், நம்மிலேயே மற்ற சாதியைப் பற்றி, பிள்ளைகள் காதுபட என்ன பேசுகிறோம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மேசையில் விதைப்பவர்களைச் சட்டம் தொடாது. ஆனால் மேடை போட்டு விதைப்பவர்களைத் தொட முடியும். படத்தில் கேமரன் என்றொரு பெரிய மனிதர் வருகிறார். இளைஞர்களுக்குக் கொள்கை ஊட்டுவார், தன் கையில் அழுக்கு படாமல் பார்த்துக்கொள்வார். படத்தில் அவருக்குக் கிடைப்பது டெரெக் கையால் அடி மட்டும்தான், வழக்கு இல்லை. நிஜத்தில் ஒரு வழக்கு நடந்தது. 1988 நவம்பரில் போர்ட்லண்ட் நகரில் முலுகெட்டா செராவ் என்ற எத்தியோப்பிய மாணவரை மொட்டைத்தலைக் கும்பல் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றது. வழக்கறிஞர் மோரிஸ் டீஸும் அவர் குழுவும் கொன்றவர்களோடு நிற்கவில்லை. அந்த இளைஞர்களை ஏவிவிட ஆள் அனுப்பியவர் என்று, பல நூறு மைல் தள்ளி கலிபோர்னியாவில் டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த நாஜிக் கொள்கைக்காரர் டாம் மெட்ஸ்கர்மீது சிவில் வழக்குப் போட்டார்கள். 1990-இல் ஜூரி விதித்த நட்டஈடு ஒரு கோடியே 25 லட்சம் டாலர். மெட்ஸ்கர் வீட்டை இழந்தார். முழுத்தொகை வரவில்லைதான். ஆனாலும் சட்டக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து எனக்குத் தெம்பு கொடுக்கும் வழக்குகளில் அதுவும் ஒன்று.

கிள்ளானில் அன்றிரவு அந்தப் பையன் கேட்டபடி நான் காட்சியை மறுபடி போட்டேன். பலருக்கு ஆச்சரியம். ஆனால் உதை விழுந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போடச் சொன்னேன். எல்லார் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து, செத்தவனின் தாயார் போலீஸில் கொடுக்கும் வாக்குமூலத்தை எழுதுங்கள் என்றேன். மகன் பெயர், வயது, கடைசியாக எப்போது பார்த்தாய், என்ன சொல்லிவிட்டுப் போனான். வழக்கமான கேள்விகள்தான். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு மண்டபம் அமைதியாகிவிட்டது.

பின்வரிசைப் பையன் வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, பேரே சொல்லலியே. என்ன எழுதுறது?" என்று கேட்டான். நீயே வை என்றேன். என்ன பெயர் வைத்தான் என்று நான் பார்க்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். மீதிப் படத்தைப் பத்தரை மணிக்கு முடித்தோம்.

அதன் பிறகு நான்கைந்து இடங்களில் இதே முறையில் செய்திருக்கிறேன். உங்கள் வட்டாரத்தில் இந்தப் படத்தைப் போட நினைப்பவர்கள், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தயவுசெய்து உட்கார வைக்காதீர்கள். படம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பேச்சுக்கு இன்னொரு மணி நேரம் மண்டபத்தை எடுத்து வையுங்கள். நேரமில்லை என்றால் படத்தை வேறொரு நாளைக்குத் தள்ளிப் போடுங்கள். போட்டுவிட்டு மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.